அம்மா சொன்ன பெயர்கள்

புதுச்சேரியை அடுத்த ஏம்பலத்தில் என் அம்மாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பர்மாக்காரம்மா என்பார்கள். 1964 கடைசியில் வந்து சேர்ந்தவருக்கு 2012இல் கண்மூடிய அன்றும் அதே பெயர்தான். அவருடைய வேதம் வேறு என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் அது என்ன வேதம் என்று சொல்ல ஊருக்கு வழியில்லை. எங்கள் பக்கம் கிறிஸ்தவர் என்றால் கத்தோலிக்கர்தான். வில்லியனூர் லூர்து மாதா கோயில் தேரும் புதுச்சேரி சம்பா கோயிலும்தான் எல்லாருக்கும் தெரிந்த கிறிஸ்தவம். சுரூபம் வைக்காத, ஜெபமாலை உருட்டாத, பிறந்த குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்ற விடாத ஒரு கிறிஸ்தவப் பெண்ணை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அம்மா பாப்டிஸ்ட். பச்சைக் குழந்தைக்கு அந்தச் சபையில் ஞானஸ்நானம் கிடையாது. ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வார்கள், அவ்வளவுதான். பிள்ளை வளர்ந்து, புத்தி தெரிந்து, தானே எழுந்து நின்று நான் விசுவாசிக்கிறேன் என்று சொன்ன பிறகே முழுக்கு ஞானஸ்நானம். ஆற்றிலோ குளத்திலோ முழு உடம்பும் தண்ணீருக்குள் போய் எழ வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது, பெற்ற தாயாலும் முடியாது என்பது அவர்கள் கொள்கை. குடும்பத்துக்காக எதையும் தோளில் ஏற்றிக்கொண்ட என் அம்மாவுக்கு இந்த ஒன்றை மட்டும் சுமக்க அனுமதியில்லை. அவருடைய 89 வருட வாழ்க்கையை நான் இந்த இடத்தில் நின்றுதான் பார்க்கிறேன்.

அம்மா பிறந்தது 1923இல், ரங்கூனில். பசுண்டவுங் ஓடைக்கரையில் வரிசையாக அரிசி ஆலைகள் இருந்த காலம். அன்றைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் மூட்டை தூக்கியவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். அவர்களுக்காக அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் தனியாக ஊழியம் நடத்தியது. அம்மாவின் தகப்பனார் அங்கேதான் வேதத்தில் சேர்ந்தார். அந்த மிஷனின் கதையை அம்மா எங்களுக்குச் சொந்தக்காரர் கதை மாதிரிச் சொல்வார். அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்கரும் அவர் மனைவி ஆனும் 1813 ஜூனில் சென்னையில்தான் கப்பலேறினார்கள், ஜூலை 13 அன்று ரங்கூனில் இறங்கினார்கள். "நம்ம கரையிலேருந்துதான் அங்க போச்சு" என்பார் அம்மா. பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் கொடுத்த மனிதர் சென்னையிலிருந்து புறப்பட்டார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பின்னாளில் நாங்கள் எல்லாம் இழந்து அதே கடலில் எதிர்த் திசையில் வந்தபோது, அந்தக் கதைதான் அவருக்குத் துணையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தன. அம்மாவுக்கு வயது 18. ஆலையைவிட்டு, வீட்டைவிட்டு, புரோம் வழியாக டவுங்கப் கணவாயைத் தாண்டி அக்யாப் கடற்கரைக்கு நடந்தவர்களில் அம்மாவின் குடும்பமும் ஒன்று. அந்த வழியில் வாந்திபேதி ஆட்களைச் சாய்த்தது. அம்மாவின் அப்பா கணவாயிலேயே இறந்தார். புதைக்க நேரம் கிடைத்ததா என்று நான் கேட்டதற்கு அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. 13 வயதுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை மட்டும் சொல்வார். அக்யாபிலிருந்து கப்பலில் சிட்டகாங், அங்கிருந்து ரயில். சண்டை முடிந்ததும் 1946இல் ரங்கூனுக்கே திரும்பினார்கள். எதற்குத் திரும்பினீர்கள் என்றால், "அதுதானே ஊரு" என்பார்.

அப்பாவை அங்கேதான் மணந்தார். அப்பாவின் தகப்பனார் ஏம்பலத்திலிருந்து பிழைக்கப் போனவர், ஊரின் தலித் குடியிருப்பான காலனியைச் சேர்ந்தவர். அப்பா ரங்கூனில் ஒரு சிறிய தையல் சாமான் கடை வைத்திருந்தார். நான் 1953இல் பிறந்தேன், தம்பி 1957இல்.

நான் என் கண்ணால் பார்த்தது இதற்குப் பிறகு நடந்தது. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுக்கத் தொடங்கியது. ஒரு காலையில் எங்கள் கடை வாசலில் ஆட்கள் நின்று சாமான்களை எண்ணி எழுதினார்கள். ஊசிப் பெட்டிகளைக்கூட எண்ணினார்கள். அப்பா பக்கத்தில் நின்று அவர்களுக்கு எண்ண உதவி செய்தார். அந்த ஆண்டு மே 17 அன்று 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியை நம்பாமல் வீட்டில் காசு வைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. லட்சக்கணக்கான இந்தியர் புறப்பட்டார்கள். இந்திய அரசு கப்பல் அனுப்பியது. பெயர் பதிந்து, நாள் வரும்வரை காத்திருந்தோம்.

நகையைத் துறைமுகத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள், தாலியையும் விடுவதில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அம்மா முந்தின இரவே தாலியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டார். சின்னம்மாவின் கணவருக்கு பர்மியக் குடியுரிமை இருந்ததால் அவர்கள் வரவில்லை. டவுங்கப் கணவாயில் விடாமல் பிடித்திருந்த கையை அம்மா ரங்கூன் துறைமுகத்தில் விட்டார். இருவரும் அழுததாக எனக்கு நினைவில்லை. பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது நினைவிருக்கிறது. யார் யாருக்காக ஜெபிப்பது, எந்த வரிசையில் சொல்வது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் முகாம், அடையாள அட்டை, அரிசி, வரிசை. எங்களோடு வந்த பலர் வியாசர்பாடிப் பக்கம் தங்கினார்கள். சில வருடம் கழித்து அவர்கள் வியாபாரத்தால்தான் பாரிமுனையில் பர்மா பஜார் உண்டானது. அப்பா மட்டும் தன் தகப்பன் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று எங்களைப் பேருந்தேற்றி ஏம்பலத்துக்குக் கூட்டிவந்தார். அவரும் அதுவரை அந்த ஊரைப் பார்த்ததில்லை.

ஊரும் அப்போது ஒரு மாற்றத்திலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தது. 1954 மார்ச் 31 அன்று பக்கத்து நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியதைப் பெரியப்பா முறையானவர் ஒருவர் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்ததும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு வந்ததும் திண்ணைப் பேச்சில் அடிக்கடி வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களின் வீடுகள் தனியாகத் தெரியும். எல்லாவற்றையும் அம்மா கேட்டுக்கொள்வார். சர்க்கார் மாறினால் சாமான் எண்ண வருவார்களா என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி. இல்லை என்று தெரிந்ததும் தையல் ஊசியைக் கையில் எடுத்தார்.

1968இல் அப்பா காய்ச்சலில் போனார். அம்மாவுக்கு 45 வயது. நடவுக்குப் போனார், மல்லாட்டை பிடுங்கப் போனார், இரவில் ரவிக்கை தைத்தார். ரங்கூனில் நாற்றங்காலையே பார்க்காதவர் அவர். முதல் வருஷம் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழனிக்குப் போக மாட்டார். கூலி போனாலும் போகட்டும் என்பார். காலையில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, எங்கள் இருவரையும் உட்காரவைத்து வேதம் வாசிப்பார். பக்கத்தில் அவருடைய சபை இல்லை. கடலூரிலிருந்து எப்போதாவது ஒரு பாஸ்டர் பேருந்தில் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் எங்கள் திண்ணைதான் கோயில்.

இரவு ஜெபம் அதைவிட முக்கியம். விளக்கைக் குறைத்துவிட்டுப் பாயில் முழங்கால் போட்டு, துறைமுகத்தில் பேசிவைத்த வரிசையில் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவோம். ஒன்று சொல்ல வேண்டும். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது பாப்டிஸ்டுகளிடம் இல்லை. அவர்கள் கர்த்தரிடம் போய்விட்டார்கள், இனி நாம் கேட்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பாவைப் புதைத்த அன்றைக்கு இரவும் அம்மா முழங்கால் போட்டார். வரிசையில் முதல் பெயர் அப்பாவுடையது. அதைச் சொல்ல வாய் திறந்தவர் நிறுத்தினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பெயரிலிருந்து தொடங்கினார். எங்கள் அப்பா இல்லை என்பது எனக்கு அந்த இரவில்தான் உறைத்தது.

எனக்கு 16 வயதில் நான் முழுக்கு எடுக்கிறேன் என்றேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "எனக்காக எடுக்கறியா, உனக்காக எடுக்கறியா? அப்பா இல்லாத பொம்பள, இவள சந்தோசப்படுத்துவோம்னு எடுத்தா வேணாம். நான் சந்தோசமாத்தான் இருக்கேன்." இரண்டு மாதம் யோசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் நான் மாறவில்லை என்று தெரிந்துதான் பாஸ்டருக்கு எழுதினார். கரும்புக் கழனிப் பம்புசெட்டுத் தொட்டியில் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. கழனிக்காரர் இந்து. மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்து, அவரும் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார். நான் தண்ணீருக்குள் போய் எழுந்தபோது அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அன்று பார்த்ததை நான் வேறு எந்த நாளிலும் பார்க்கவில்லை.

தம்பி எடுக்கவில்லை. அவனுக்கு 18 ஆனபோது ஒரு தொழிற்படிப்பில் சேர விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. சாதிச் சான்று வேண்டும். புதுச்சேரிக்கான பட்டியல் சாதியினர் ஆணை 1964 மார்ச் 5 அன்று வெளிவந்தது. நாங்கள் ஊருக்கு வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. அதனால் நாங்கள் பூர்வீகமா, வந்தேறிகளா என்று ஒரு கேள்வி. அது போக, பட்டியல் சாதிக்கான 1950ஆம் ஆண்டு ஆணையிலிருந்தே கிறிஸ்தவர் அதில் வரமாட்டார்கள். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகிவிட்ட தலித் இன்றுவரை வெளியேதான் நிற்கிறார். எங்கள் வீடு காலனியில் இருந்தது. டீக்கடையில் எங்களுக்கும் தனி கிளாஸ்தான். எந்த வேதம் என்று கேட்டுவிட்டு அந்த கிளாஸை யாரும் மாற்றித் தந்ததில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பெரியப்பா நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். "இந்துன்னு போட்டுடலாம் தங்கச்சி. நம்ம சனம்தானே. பையன் படிக்கட்டும், நீ சாமி கும்பிடறத யாரு தடுக்கறா?" ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள், இப்போதும் செய்கிறார்கள். பிள்ளையின் சோற்றுக்காகச் செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவும் சொன்னதில்லை. அன்று அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "அவன் இன்னும் முழுக்கு எடுக்கல மாமா. அதனால கிறிஸ்தவன்னு அவனுக்காக நான் சொல்ல முடியாது. இல்லன்னும் நான் சொல்ல முடியாது. அவன் வாயால சொல்லட்டும்."

தம்பி அந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தான். காலையில் என்னிடம் சொன்னான்: "இந்துன்னு எழுதக் கை வரலக்கா. கிறிஸ்தவன்னு எழுதுனா, தண்ணியில எறங்கி சொல்லாதத காயிதத்துல சொல்றாப்பல ஆயிடும்." மதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தான். விண்ணப்பம் திரும்பி வந்தது. அவன் முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று எல்லாரும் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். சைக்கிளில் போய் வருவான். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் துடைத்துக் கட்டிக் கொடுத்தார். அவனை இந்த அளவுக்கு உண்மைக்காரனாக வளர்த்தது தான்தான் என்பதும், அந்த உண்மை அவன் படிப்பைத் தின்றது என்பதும் அவருக்குத் தெரியும். நான் பள்ளிக்கூட ஆசிரியையாகி, சம்பளத்தில் பாதியைத் தம்பி வீட்டுக்குத் தர முன்வந்தபோது அம்மா வேண்டாம் என்று சொல்லாததற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாஸ்டர் ஒருமுறை கொல்லிமலை ஈவ்லின் பிராண்ட் அம்மையாரைப் பற்றிச் சொன்னார். அவரும் பாப்டிஸ்ட். கணவர் ஜெஸ்ஸி பிராண்டோடு மலையில் ஊழியம் செய்தவர். 1929இல் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று மிஷன் சொன்ன பிறகும் மலைக்கே திரும்பிப் போய், 1974இல் 95 வயதில் இறக்கும்வரை அந்த மக்களோடு இருந்தார். மட்டக்குதிரையில் மலையேறும் கிழவியம்மா. வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர் மகன். கதையைக் கேட்ட நாங்கள் அசந்துபோனோம். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "பிள்ளைங்க யாருகிட்ட வளந்துதுங்க?" 1923இல், பாலுக்கு ஒன்பது வயதில், அவனையும் தங்கையையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்றார் பாஸ்டர். மகன் தகப்பனை மறுபடி உயிரோடு பார்க்கவில்லை. அம்மா தலையை அசைத்தார். "அவங்களக் கர்த்தர் அப்படிக் கூப்பிட்டிருக்காரு. என்ன அப்படிக் கூப்பிடல." அதில் பொறாமையும் இல்லை, தாழ்வும் இல்லை. தன் மலை ஏம்பலத்து வீட்டுக்குள் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அதற்குள் எங்களுக்கு அரசு உதவியில் கட்டிய சிமெண்ட் வீடு. கூரை வீட்டுக்காரர்கள் முந்தின இரவே எங்களிடம் வந்துவிட்டார்கள். காற்று கதவை இழுத்த இழுப்பில் தம்பியும் இன்னும் மூன்று ஆண்களும் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு 88 வயது. இருட்டில் ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு வாங்கினார். குழந்தைகளின் பெயரையும் விடவில்லை. டவுங்கப் கணவாயில் அம்மாவின் அம்மா இப்படித்தான் இரவில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாராம். அத்தனை பெயரையும் சொல்லி அம்மா ஜெபித்தார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் எல்லாம் ஆமென் சொன்னார்கள். விடிந்து பார்த்தபோது கரும்பு முழுக்கப் படுத்திருந்தது, மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கூரைகளைக் காணோம். கரண்ட் வரப் பல நாள் ஆனது. வந்தவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் பெயரை அம்மா வரிசையிலிருந்து எடுக்கவில்லை. கடைசி மாதங்களில் அவருடைய இரவு ஜெபம் ஒரு மணி நேரம் போகும்.

2012 ஆகஸ்டில் அம்மா போனார். அதிகம் படுக்கவில்லை. காலனி இடுகாட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். கடலூர்ப் பாஸ்டரின் மகன் வந்து ஜெபித்தார். வில்லியனூர்க் கத்தோலிக்கப் பெண்கள் தாங்களாகவே வந்து பாடினார்கள். தம்பி எல்லாருக்கும் முன்னால் மண் தள்ளினான். ஜெபத்தின்போது கண்ணை மூடவில்லை, திறந்தபடியே நின்றான்.

சின்னம்மாவுக்கு எப்படிச் சொல்வது? 1964க்குப் பிறகு அவரிடமிருந்து வந்த கடிதங்களை விரல்விட்டு எண்ணலாம். 1988இல் அங்கே மாணவர் கிளர்ச்சியும் துப்பாக்கிச் சூடும் நடந்த பிறகு கடிதம் நின்றேபோனது. பர்மா கொஞ்சம் திறந்துகொண்ட சமயத்தில், தெரிந்தவர் ஒருவர் வழியாக முகவரி கிடைத்து, 2013இல் நான், இப்போது யாங்கூன் என்று பெயர் மாறிய ரங்கூனுக்குப் போனேன். தாம்வே பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பு. சின்னம்மாவுக்கு 84 வயது. தமிழும் பர்மியமும் கலந்த பேச்சு. என் கையைப் பிடித்து உட்காரவைத்து, அம்மா போன செய்தியைக் கேட்டு முடித்து, மொய்ங்கா கொடுத்துச் சாப்பிடவைத்த பிறகு, வரிசையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அதே வரிசை. ஊருக்கு வந்த பிறகு கூடிய பெயர்கள் அதில் இல்லை. ஆனால் 1964இல் துறைமுகத்தில் பேசிவைத்த பெயர்கள் ஒன்று மாறாமல் இருந்தன. அதில் பலர் என்றோ இறந்தவர்கள். செய்தி போய்ச் சேராததால் அவர் இத்தனை வருடமும் அவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் நான், "அவரு இல்ல சின்னம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டி, ஒரு விரலை மடக்கி, அடுத்த பெயருக்குப் போனார். கடைசியில் நானும் தம்பியும்தான் மிஞ்சினோம்.

"அவன் முழுக்கு எடுத்துட்டானா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சின்னம்மா."

"வயசு என்ன ஆவுது அவனுக்கு?"

"56."

சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்போ அவன் பேர மொதல்ல வெச்சிக்கிறேன். எனக்கு முன்ன மாதிரி இல்ல. கடைசிப் பேரு வர்றதுக்குள்ள தூங்கிப்போயிடறேன்" என்றார்.